ஆறு திறக்குமுன் சேர வேண்டிய இறகுகள்

செஞ்சி,
மாசி மாதம், ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் பூங்குழலிக்கு அம்மா எழுதுவது. இங்கு நானும் சேவலும் நலமாக இருக்கிறோம். அங்கே வடநாட்டு மலையில் பனி குறைந்ததா, உன் சளி குறைந்ததா, இரண்டையும் தனித்தனியாக எழுது, போனில் கேட்டால் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ம் போடுகிறாய். சேவலை முதல் வரியிலேயே சேர்த்துவிட்டேன் என்று சிரிக்காதே, இந்த வீட்டில் காலையில் முதலில் வாய் திறப்பது அதுதான். தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். இதோடு ஒரு பொருள் அனுப்புகிறேன், அதைப் போனில் அனுப்ப முடியாது. அதைப் பற்றிச் சொல்ல வேண்டியதும் போனில் சொல்ல வரவில்லை, எப்போது எடுத்தாலும் யாராவது பக்கத்தில் இருக்கிறார்கள்.

நூலகத்துக்குத் தவறாமல் போகிறேன். பேப்பர் படிக்க வருகிற பெரியவர்கள் முதலில் துக்கம் விசாரித்தார்கள், இப்போது மறந்துவிட்டு நடுப்பக்கம் எங்கே போச்சு என்று சண்டை போடுகிறார்கள், அதுவே எனக்கு வசதியாக இருக்கிறது. திரும்பி வந்த புத்தகங்களை எடுத்த இடத்தில் அடுக்குகிறேன். படிப்பதுதான் முடியவில்லை. கண் வரியில் போகிறது, பக்கம் புரள்கிறது, மூடி வைத்த பிறகு எந்தப் புத்தகம் என்று அட்டையைப் பார்க்க வேண்டியிருக்கிறது. வீட்டில் இன்னும் இரண்டு பேருக்குத்தான் அரிசி போடுகிறேன், கை அப்படிப் பழகிவிட்டது, மிச்சத்தைச் சேவல் தின்கிறது. அழுதாயா அம்மா என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறாய். இல்லை. கருமாதி அன்றைக்கே பெண்கள் என் காதுபடச் சொன்னார்கள், இன்னாடி இவ, கல்லு மாரி உக்காந்துனு இருக்குறா என்று. கல் என்பதும் சரியில்லை. பல் பிடுங்குவதற்கு முன் ஈறில் ஊசி போடுவார்களே, அப்புறம் கன்னத்தைத் தொட்டால் யாருடைய கன்னமோ போல இருக்குமே, அப்படி இருக்கிறது. வலி இல்லை. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், தைராய்டு மாத்திரையை மறக்காமல் போடுகிறேன். உன் நைனாவின் மோட்டார் ரிப்பேர் கடையைப் பூட்டித்தான் வைத்திருக்கிறேன். அனந்தபுரம் முருகையன் மட்டும் வந்து பாதி காயில் கட்டிக் கிடந்த தன் மோட்டாரை எடுத்துக்கொண்டு போனார், வேற எடத்துல குடுத்துக்கறம்மா, தப்பா நெனச்சிக்காத என்று வாசலிலேயே நின்று சொன்னார். நான் ஏன் தப்பாக நினைக்கப்போகிறேன், அவர் வயலுக்குத் தண்ணீர் வேண்டும்.

போன வாரம் நீ அனுப்பிய செய்தியை நான் பலமுறை படித்தேன். விருந்தாளிகளுக்குத் தூண்டில் சொல்லிக்கொடுக்க வேறு ஆள் பார்த்துக்கொள்ளும்படி விடுதிக்காரரிடம் சொல்லிவிடப் போகிறேன், மீன்பண்ணை வேலையையும் விட்டுவிடுகிறேன், தூண்டில் தடை முடிந்து ஆறு திறக்கும் நாளுக்கு முன்பே ஊருக்கு வந்துவிடுகிறேன், நைனா சாகும்போது நான் முழங்கால் தண்ணீரில் நின்று யாருக்கோ தூண்டில் வீசக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தேன், இனி எந்த ஆற்றில் இறங்குவேன், உனக்குத் துணையாக இருக்கிறேன் என்று எழுதியிருந்தாய். உடனே பதில் போடவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. நீ வருகிறாய் என்று ரஞ்சிதம் அத்தையிடம் தெரியாமல் வாய் விட்டுவிட்டேன். அன்று மாலையே அவள் ஒரு மாப்பிள்ளையோடு வந்துவிட்டாள், ஆளோடு இல்லை, போட்டோவோடு. அவள் வீட்டுக்காரர் வழியில் தனசேகரன், அனந்தபுரத்தில் உரக்கடை வைத்திருக்கிறானாம். துக்கம் நடந்த வீட்டில் வருஷத்துக்குள் கல்யாணத்தை முடிக்க வேண்டும், விட்டால் தள்ளிக்கொண்டே போகும் என்பது உனக்கும் தெரியும். பொண்ணு வந்து எறங்கட்டும், வைகாசியில வெச்சிக்கலாம், தம்பி இருந்தா அவன் பாத்துக்குவான், இப்ப நான்தான பாக்கணும் என்றாள். அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. தம்பி போன பிறகு அவளுக்குச் செய்வதற்கு ஏதாவது ஒரு வேலை வேண்டியிருக்கிறது. ஆனால் நீ அங்கே பெட்டி கட்ட ஆரம்பித்தால் இங்கே என்ன ஆகும் என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும், அதற்காகச் சொல்கிறேன்.

நைனா உன் ஆற்றுக்கு ஒரு காலண்டர் வைத்திருந்தது ஞாபகம் இருக்கிறதா. பங்குனியில் கண்ணாடி, சித்திரை கடைசியில் பால், ஆடியில் சேறு, புரட்டாசியில் மறுபடி கண்ணாடி, கார்த்திகையில் பூட்டு, மீன் முட்டை போடுகிற பனிக்காலம் முடியும் வரை யாரும் தூண்டில் போடக் கூடாது. கடைக்கு வருகிற விவசாயிகளிடம் பம்புசெட்டுப் பேச்சுக்கு நடுவில் இதைச் சொல்லுவார், வந்தவர்களுக்கு எந்த ஊர், என்ன தண்ணீர் என்று ஒன்றும் விளங்காது. பங்குனியில் தண்ணீர் குறைவு, குளிர், அடியில் கிடக்கிற கல் வரைக்கும் தெரியும், மீனுக்கு உன் நிழலும் தெரியும், அதனால் கீழ்ப்பக்கமிருந்து குனிந்து போக வேண்டும், தூண்டில் நரம்பு மெல்லியதாக இருக்க வேண்டும், முள்ளில் இறகும் நூலும் சுற்றிச் செய்த பொய்ப்பூச்சி பொடியாக இருக்க வேண்டும், வெயில் ஏறிய பிறகுதான் மீன் மேலே வரும். சித்திரை கடைசியில் மலைமேல் பனி உருகி ஆறு வெளுத்துப் பெருகும், அப்போது கனமான பூச்சி, பளபளப்பான பூச்சி. இவ்வளவும் நான் யாரிடமும் கேட்டுப் படித்ததில்லை. காலையில் நீ போனில் பேசி அனுப்பும் ஆற்று நிலவரத்தை அவர் பல் தேய்த்துக்கொண்டே சத்தமாக வைத்துக் கேட்பார், நான் சட்னி அரைத்துக்கொண்டே கேட்டது. நைனா இன்னிக்கி தண்ணி கண்ணாடி, ஒண்ணும் கிட்ட வரல என்று நீ சொல்லுவாய். இங்க செஞ்சி ஆத்துல டீ கலரு, ஜிலேபி மீனு மட்டும் வாயத் தொறந்துனு நிக்குது, அங்க அனுப்பட்டா என்று அவர் பதில் சொல்லுவார். அவர் முதல்முதலில் கட்டி அனுப்பிய பூச்சியைப் பார்த்து நீ சொன்னதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். நைனா, இது பூச்சி மாரி இல்ல, அஞ்சு எச்பி மோட்டாரு மாரி இருக்குது, தண்ணில போட்டா அடியில போயி குந்திக்கிது என்றாயாம். அப்ப அந்த மீனுக்கு ஒரு சர்வீஸ் கனெக்சன் வாங்கிக் குடு என்று இவர் சொன்னாராம். முள்ளில் மோட்டார் காயில் கம்பியை அவ்வளவு சுற்றினால் குந்தாமல் என்ன செய்யும். பிறகு பனி உருகிய வெள்ளைத் தண்ணீரில் அந்தக் குந்துகிற பூச்சிக்குத்தான் மீன் வந்தது என்று நீ சொன்ன நாளில் கடையில் இருந்த எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். புடிச்ச மீன திரும்பத் தண்ணிலயே வுடறதுக்கு எதுக்குடா பொண்ண அவ்ளோ தூரம் அனுப்பி வெச்சிருக்குற என்று கேட்ட அத்தைக்கும் ஒரு டீ சொன்னார்.

இனி எழுதப்போவதை நிதானமாகப் படி. நைனாவுக்கு வந்தது சாதாரணக் காய்ச்சல் என்றுதான் புதுச்சேரி ஆஸ்பத்திரியிலும் முதலில் சொன்னார்கள், அதனால்தான் உன்னைக் கூப்பிடவில்லை. அட்மிட் செய்த அன்றே அத்தை நம் கொல்லையில் இருந்த சிவப்புச் சேவலின் காலில் மஞ்சள் துணி கட்டி, தம்பி நடந்து வீட்டுக்கு வந்தால் உனக்குத்தான் என்று ஏரிக்கரை முனீஸ்வரனுக்கு நேர்ந்துவிட்டாள். அந்தச் சேவலின் கழுத்து இறகில்தான் நைனா உன் பூச்சிகளைக் கட்டிக்கொண்டிருந்தார், தேன் நிறத்தில் அப்படி ஒன்று கடையில் கிடைக்காது என்று நீயே சொல்லியிருக்கிறாய். ஆஸ்பத்திரிக் கட்டிலில் சும்மா படுத்திருக்க முடியவில்லை, ஆறு பூட்டுவதற்குள் குழலிக்கு நாலு பூச்சியாவது கட்டி அனுப்புகிறேன், நூலும் முள்ளும் கழுத்து இறகும் எடுத்து வா என்று கேட்டார். நேர்ந்துவிட்ட கோழியின் மேல் கை வைக்கக் கூடாது, ஓர் இறகு குறைந்தாலும் சாமிக்கு ஆகாது என்று அத்தை சொல்லிவிட்டாள். அதை அப்படியே அவரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். சரி வுடு, நான் எழுந்து வந்து முனீஸ்வரங்கிட்டயே கேட்டுக்குறேன் என்றார். நூலும் முள்ளும் மட்டும் கொண்டுபோய்க் கொடுத்தேன், தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

அந்தக் கடைசி நாள் காலையில் உன் நிலவரம் வந்தது. கிட்னி நின்றுபோய்விட்டது என்று அப்போதே டாக்டர் என்னிடம் சொல்லியிருந்தார், பாதி நேரம் அவருக்கு நினைவில்லை. போன் என் கையில் இருந்தது, என்ன செய்வது என்று தெரியாமல் காதருகே வைத்துப் போட்டேன். நைனா, தண்ணி கண்ணாடி, ஒரு மேகம் கூட இல்ல, இன்னிக்கி ஒரு வயசான அம்மாவ கூட்டினு போறேன், அவங்களுக்கு வீசவே தெரியல என்று உன் குரல். அவர் கண் திறக்கவில்லை. ஆனால் நன்றாகக் கேட்கும்படி சொன்னார், பொடிப் பூச்சியா போடச் சொல்லு என்று. அதற்குப் பிறகு அவர் எதுவும் பேசவில்லை. நீ ஆற்றில் நிற்கிறாய் என்று அவருக்குத் தெரியும், பூங்குழலி. அவர் இருந்த கடைசி நேரத்தில் நீ எங்கே இருக்கிறாய், தண்ணீர் எப்படி இருக்கிறது, என்ன பூச்சி போட வேண்டும் என்பதுதான் அவருக்குத் தெரிந்திருந்தது, ஆஸ்பத்திரியில் படுத்திருப்பது தெரியவில்லை. ஆற்றில் நின்ற உனக்குப் போன் கிடைக்காமல் போனதும், நீ வந்து சேருவதற்குள் உன் பெரியப்பா மகன் குரு கொள்ளி வைத்துவிட்டதும் உன் மனதில் முள்ளாக இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதை என்னால் எடுக்க முடியாது. நடந்ததை மட்டும் சொல்லிவிட்டேன். நீ வந்திருந்த நாட்களில் வீடு நிறைய ஆட்கள், சொல்ல வாய் வரவில்லை, நீயும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

இப்போது சேவலுக்கு வருகிறேன். அவர் நடந்து வரவில்லை, அதனால் நேர்த்திக்கடன் உண்டா இல்லையா என்று உன் அத்தையும் பெரியவர்களும் நிறையப் பேசினார்கள். சாமி தன் பங்கைச் செய்யவில்லை, அப்புறம் எதற்குக் கொடுப்பது என்று குரு கேட்டான். வாயக் கழுவுடா என்று அத்தை அவனை அடிக்க வந்தாள். துணி கட்டியது கட்டியதுதான் என்று முடிவாயிற்று. ஆனால் சாவு விழுந்த வீட்டார் வருஷம் திரும்பும் வரை கோயிலுக்குப் பொங்கல் வைக்கக் கூடாதே, அதனால் வெட்டவும் முடியாது. விற்கக் கூடாது, நாம் தின்னக் கூடாது, யாருக்கும் கொடுக்கவும் கூடாது. ஆகவே அது மஞ்சள் துணியோடு கொல்லையில் ராஜா மாதிரி உலாவுகிறது, நான் அதற்குச் சோறு போடுகிறேன். கோபம் இல்லை, பிரியமும் இல்லை. போட்டதைத் தின்கிறது, அவ்வளவுதான். அத்தை தினமும் காலையில் வந்து என்னைப் பார்ப்பதற்கு முன் அதைத்தான் போய்ப் பார்க்கிறாள். தை முடிகிற சமயம் ஒருநாள் ஐயோ என்று கத்தினாள், சேவலின் கழுத்து அங்கங்கே வெறும் தோலாக இருந்தது. நீ இன்னாத்தையாவது புடுங்குனியா என்று என்னைக் கேட்டாள். நான் தொடவே இல்லை. கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டினாள், இறகு உதிர்க்கிற காலம், பழசு விழுந்து புதுசு முளைக்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் கொல்லையைப் பெருக்கும்போது விளக்குமாற்றில் அந்த இறகுகள் வந்தன. தேன் நிறம். பெருக்கி எடுத்துக் குப்பைத் தொட்டி வரை போய்விட்டேன். பிறகு அத்தை வீட்டுக்குப் போய், பிடுங்கக் கூடாது என்றீர்களே அண்ணி, உதிர்ந்ததை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். எதுக்கு என்றாள். பூங்குழலிக்கு என்றேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல் சொன்னாள், ஒட்டினு இருக்குறது சாமிது, உதுந்தது உன்னுது என்று. மறுநாளிலிருந்து அவளே விடிந்ததும் வந்து கொல்லையில் குனிந்து குனிந்து பொறுக்கி, முந்தானையில் முடிந்து கொண்டுவந்து என் முன்னால் கொட்டுகிறாள். முதுகுவலி என்று வேறு திட்டுகிறாள், சேவலை இல்லை, உன்னை. அவ மீனு புடிச்சி வுடறதுக்கு நான் மயிரு பொறுக்கணும்னு என் தலையில எழுதி இருக்குது என்கிறாள்.

நல்லதாகப் பார்த்து எடுத்துக் கழுவி நிழலில் உலர்த்திப் பொட்டலமாகக் கட்டியிருக்கிறேன். அதோடு நைனா தலையணைக்கு அடியில் வைத்திருந்த முள்ளில் ஒன்றை எடுத்து, கடையைத் திறந்து காயில் கம்பியில் மெல்லியதை வெட்டி வந்து, அவர் கட்டுவதைப் பார்த்திருக்கிற ஞாபகத்தில் நானும் ஒன்று கட்டினேன். நூலைச் சுற்றி, கம்பியைச் சுற்றி, இறகின் நுனியைப் பிடித்துச் சுற்றும்போது அது பூச்சிக்கால் மாதிரி விரிய வேண்டும், எனக்கு விளக்குமாறு மாதிரி விரிந்தது. அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினேன். அத்தை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். இத மீனு நெசமாவே பூச்சின்னு நம்புமா என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். நம்பலன்னா என்றாள். வேறு கட்ட வேண்டியதுதான் என்றேன். அப்போதுதான் அந்தப் போட்டோவை அலமாரியிலிருந்து எடுத்து அவளிடம் திருப்பிக் கொடுத்தேன். இந்த வருஷம் வேண்டாம் அண்ணி, அவளுக்கு அங்கே வேலை இருக்கிறது என்றேன். வருஷம் தாண்டுச்சின்னா அப்பறம் எப்ப ஆவும்னு யாருக்குத் தெரியும், பொம்பளப் புள்ளய ஆத்துல நிக்க வெச்சிட்டு நீ இங்க புக்கு அடுக்கினு இரு என்றாள். சரி என்றேன். அவள் கோபமாக எழுந்து போனாள். மறுநாள் காலையில் வழக்கம்போல முந்தானை முடிச்சோடு வந்தாள், அன்றைக்கு இறகு கொஞ்சம் அதிகம்.

நீ வேலையை விடக் கூடாது என்று நான் உத்தரவு போடவில்லை. ஆற்றில் இறங்க உனக்கே முடியவில்லை என்றால் இறங்காதே, கரையில் நில், அதுவும் முடியவில்லை என்றால் பண்ணையில் மீன்குஞ்சுகளுக்குத் தீனி போடு, அதுவும் வேலைதான். எதுவுமே முடியாமல் போனால் வீடு திறந்திருக்கிறது, சொல்லாமலே வா. ஆனால் எனக்குத் துணை என்று காரணம் எழுதிக் கொடுத்துவிட்டு வராதே. நீ வந்து என் எதிரில் உட்கார்ந்து நான் எப்போது அழுவேன் என்று பார்த்துக்கொண்டிருந்தால் நம் இரண்டு பேருக்கும் கஷ்டம். இங்கே எனக்குக் குறைவது வேறு. காலையில் சட்னி அரைக்கும்போது வீடு சத்தமில்லாமல் இருக்கிறது. ஐப்பசியோடு நின்றுபோன ஆற்று நிலவரத்தை எனக்கு அனுப்பு. பதிலுக்கு இங்கத்து நிலவரம் நான் சொல்கிறேன், அவர் அளவுக்கு வராது, இருந்தாலும் நேற்றே ஆரம்பித்துவிட்டேன். நூலகம் விட்டு வரும்போது பாலத்தில் நின்று பார்த்தேன். செஞ்சி ஆற்றில் ஓட்டம் இல்லை, பள்ளத்தில் மட்டும் பச்சையாக நிற்கிறது, ஜிலேபி மேலே வந்து வாய் திறக்கிறது, தட்டான் தாழப் பறக்கிறது. ஏரியில் பாதித் தண்ணீர், விரால் இருக்கிறது, தூண்டில் போட ஆள் இல்லை. மேல்மலையனூர் மயானக்கொள்ளைக்கு இப்போதே பஸ்ஸில் நிற்க இடமில்லை, இந்த வருஷம் நாம் போகக் கூடாது. இவ்வளவுதான் என் நிலவரம்.

வழக்கம்போல ஆறு பூட்டிய பிறகு கார்த்திகையில் வா. அதற்குள் நமக்கும் வருஷம் திரும்பியிருக்கும். சேவலை முனீஸ்வரனிடம் இரண்டு பேரும் சேர்ந்து கொண்டுபோவோம். வெட்டுவதா, துணியை அவிழ்த்து அங்கேயே விட்டுவிடுவதா என்று அப்போது பார்த்துக்கொள்ளலாம், நைனா ஏதோ அவரிடம் கேட்பதாகச் சொன்னார், கேட்டாரா என்றும் தெரிந்துகொள்ளலாம். அதுவரை அதற்குச் சோறு போடுவது என் பொறுப்பு. காலில் ஈர சாக்ஸோடு இருக்காதே, கல் வழுக்கும், கோலை ஊன்றி நட. இரவில் சுடுதண்ணீர் குடி. ஆறு திறக்குமுன் பொட்டலம் வந்து சேர வேண்டும் என்று நாளைக் காலையிலேயே கூரியரில் கொடுத்துவிடுகிறேன். உனக்கு எந்தக் குறையும் வராமல் நீ நல்லபடி இருக்க வேண்டும், உன் நைனாவின் ஆசியும் என் ஆசியும் அத்தையின் திட்டும் எப்போதும் உன்னோடு இருக்கும்.

மறக்காதே. சின்னக் காகிதத்தில் தனியாக மடித்து வைத்திருப்பது நான் கட்டியது, மற்ற இறகோடு கலந்துவிடாதே. அதைப் போட்டுப் பார்த்தால், மீன் வந்ததா என்றுகூடச் சொல்ல வேண்டாம். தண்ணீர் என்ன நிறத்தில் இருந்தது என்று மட்டும் சொல், என்ன பூச்சி போட வேண்டும் என்று நான் சொல்கிறேன்.

இப்படிக்கு,
பாலத்தில் நின்று ஆறு பார்க்கப் பழகும்
உன் அம்மா மங்கை.